மாண்டோலா வாங்கும் முன்: ஸ்கேல், தந்தி, சுருதிக் கணக்கு

கேள்வி சுருக்கமாக இது: கோலாலம்பூரில் மாண்டலின் வாசிக்கும் ஒருவர். பஜனை, பழைய திரைப்பாடல், கொஞ்சம் கீர்த்தனை. ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வாசிக்கும்போது மாண்டலின் மெலிந்து ஒலிக்கிறது. கனமான நாதம் வேண்டும் என்று, மாண்டலினைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதியுள்ள மாண்டோலா பார்க்கிறார். இணையத்தில் ஸ்கேல், அதாவது அதிரும் தந்தியின் நீளம், 15¾, 17, 20, 23 அங்குலம் என்று எல்லாமே மாண்டோலா என்ற பெயரில் வருகின்றன. எதை எடுப்பது, எடுத்த பிறகு எப்படி மாற்றி அமைப்பது?

முதலில் நேரடி விடை. 16 அங்குலத்தையொட்டிய ஸ்கேல் உள்ள, சி-ஜி-டி-ஏ என்று சுருதி சேர்க்கும் மாண்டோலாவை எடுங்கள். கர்நாடக இசைதான் முக்கியம் என்றால் நான்கு ஜோடியாக உள்ள எட்டுத் தந்தியைக் கழற்றிவிட்டு நான்கு அல்லது ஐந்து ஒற்றைத் தந்தி போட்டு ச-ப-ச-ப என்று சேருங்கள். வேறு தேவை என்றால் விடையும் மாறும். ஆகவே கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். மாண்டோலா விஷயத்தில் பலரும் பெயரைப் பார்த்து வாங்கி, பிறகு தந்தியோடு மல்லுக்கட்டுகிறார்கள். மிக மெல்லிய தந்தியில் எந்த ஸ்வரம் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் ஸ்கேல் தானாகவே அமைந்துவிடும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். அமெரிக்காவில் மாண்டோலா என்றால் வயோலா போல சி-ஜி-டி-ஏ: 131, 196, 294, 440 ஹெர்ட்ஸ். மாண்டலினைவிட ஒரு பஞ்சமம் கீழே. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதையே டெனர் மாண்டோலா என்பார்கள். அங்கே வெறும் மாண்டோலா என்றால், அல்லது ஆக்டேவ் மாண்டோலா என்றால், பெரும்பாலும் மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி-டி-ஏ-ஈ. ஜெர்மனியிலும் அப்படித்தான். அமெரிக்கர்கள் அதை ஆக்டேவ் மாண்டலின் என்பார்கள். இது போதாதென்று அல்ஜீரியாவின் மாண்டோல் வேறு. அது கிட்டத்தட்ட கிடார் அளவு. எனவே விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஸ்கேல் எத்தனை மில்லிமீட்டர், எந்த சுருதிக்குத் தந்தி போட்டிருக்கிறது. இரண்டுக்கும் பதில் வராத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

ஸ்கேல் என்பது நட்டுக்கும் (சுருதிச் சாவிப் பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) பிரிட்ஜுக்கும் (உடல் பக்கம் தாங்குவது) இடையே அதிரும் தந்தியின் நீளம். ஆனால் அளக்கும்போது பிரிட்ஜ் வரை டேப் பிடிக்காதீர்கள். பிரிட்ஜ் ஒட்டப்படாத வாத்தியம் இது. யாரோ நகர்த்தியிருக்கலாம், சுருதிச் சீருக்காக ஒவ்வொரு தந்திக்கும் சில மில்லிமீட்டர் பின்தள்ளியும் இருக்கும். நட்டின் உள்விளிம்பிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டின் (விரல்பலகையின் குறுக்குக் கம்பி) நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 203 வந்தால் 406, அதாவது 16 அங்குலம். அமெரிக்கத் தயாரிப்பாளர் கிப்சனின் பழைய எச் வரிசை மாண்டோலாக்கள் 15¾ அங்குலம், 400 மில்லிமீட்டர். இன்று தயாராகும் அமெரிக்கப் பாணி வாத்தியங்கள் பெரும்பாலும் 16-க்கும் 17-க்கும் நடுவில் இருக்கும். ஆக்டேவ் வகை ஏறத்தாழ 19-இல் தொடங்கி 23 வரை போகும். ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண மாண்டலின் 352 மில்லிமீட்டர்.

இப்போது கணக்கு. எஃகுத் தந்தி அறுந்துபோகும் எல்லை அதன் தடிமனைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. தடித்த தந்தி அதிக இழுவையைத் தாங்கும். ஆனால் அதே சுருதிக்கு அதை அதிகமாக இழுக்கவும் வேண்டும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். மிஞ்சுவது ஒரே பெருக்கல்தான்: ஸ்கேல் (மீட்டரில்) × அதிர்வெண். மாண்டலினின் ஈ தந்திக்கு 0.352 × 659 = 232. கிடாரின் ஈ தந்திக்கு 214. இந்த அளவில் தந்திகள் ஒழுங்காக வாழ்கின்றன. 240-ஐத் தொட்டால் எல்லையில் நிற்கிறீர்கள். 255-ஐத் தாண்டினால் மிக மெல்லிய தந்தி போட்டும் அடிக்கடி அறுபடும். சி-ஜி-டி-ஏ சேர்த்த 23 அங்குல டெனர் கிடார் 257-இல் ஓடுகிறது, அதை வாசிப்பவர்கள் பையில் உபரி ஏ தந்தி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

மாண்டோலாவின் ஏ தந்திக்கு இந்த எண் 15¾ அங்குலத்தில் 176, 17 அங்குலத்தில் 190, 20 அங்குலத்தில் 223. அப்படியானால் 20 அங்குலமும் தாங்குமே என்று தோன்றும். தாங்கும், ஆனால் தந்தியை மாற்ற வேண்டும். இழுவை ஸ்கேலின் வர்க்கத்தோடு கூடும். வழக்கமான மெல்லிய மாண்டோலா செட்டில் (டடாரியோ இஜே72) ஏ 14, டி 23, ஜி 34, சி 49. இவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. கடையில் இந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். 16 அங்குலத்தில் ஒவ்வொரு தந்தியும் 10 முதல் 11 கிலோ இழுக்கும். எட்டும் சேர்ந்து ஏறத்தாழ 85 கிலோ. அதே செட்டை 17 அங்குலத்தில் போட்டால் 96 கிலோ. 20 அங்குலத்தில் 14 தடிமன் ஏ தந்தி மட்டும் 16 கிலோவை நெருங்கும். விரல் வலிக்கும், மேற்பலகை அமுங்கும். அங்கே ஏ-வுக்கு 11 போட வேண்டும், மற்றவற்றையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும். மாண்டோலா செட் என்று அட்டையில் போட்டிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதால் கெடும் வாத்தியங்கள் பெரும்பாலும் இந்த வகை.

தாழ்ந்த தந்தியோ எதிர்த் திசையில் இழுக்கிறது. சி தந்தி தடித்தது, ஆகவே விறைப்பானது. குட்டையான ஸ்கேலில் அந்த விறைப்பு கூடுதலாகத் தெரியும்; அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேல் ஸ்வரங்கள் சற்று உயர்ந்து ஒலித்து நாதம் கலங்கும், மேலே போகப் போக சுருதியும் நழுவும். 15¾ அங்குல வாத்தியத்தில் சி தந்தி தொளதொள என்று கேட்பதற்கும், 17 அங்குலத்தில் அதே தந்தி தெளிவாக மணியடிப்பதற்கும் காரணம் இது. கனமான நாதம்தான் தேவை என்பவருக்கு 17 பிடிக்கும். பழைய எச் வரிசையின் மீது பலருக்கு உள்ள மோகம் எனக்குப் புரிகிறது, ஆனால் சி தந்தியை வேலை வாங்கப் போகிறவருக்கு அதை நான் முதல் வாத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

பிறகு விரல். மாண்டலினில் ஆள்காட்டி விரல் 2-ஆம் ஃப்ரெட்டிலும் சுண்டு விரல் 7-இலும் வைத்துப் பழகியிருப்பீர்கள். அந்த இடைவெளி 79 மில்லிமீட்டர். 16 அங்குலத்தில் அது 91, 17-இல் 96, 20-இல் 114, 23-இல் 131. எண்ணாகப் படித்தால் கைக்கு எட்டாது, எனவே ஒரு சாதாரண கிடாரை எடுத்துக்கொள்ளுங்கள்; 648 மில்லிமீட்டர் ஸ்கேல் உள்ளது. 8-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) மாட்டினால் மிஞ்சும் ஸ்கேல் 408, அதாவது 16 அங்குல மாண்டோலா. 7-இல் மாட்டினால் 432, அது 17 அங்குலம். 4-இல் மாட்டினால் 514, ஏறத்தாழ 20¼. 2-இல் மாட்டினால் 23-ஐ நெருங்கும். கேப்போவை நட்டாக நினைத்துக்கொண்டு 2-இலிருந்து 7 வரை ஒரு வர்ணத்தின் வரியை மூன்று காலத்திலும் வாசித்துப் பாருங்கள். சுண்டு விரல் எந்த இடத்தில் தட்டையாகச் சாய்ந்து பக்கத்துத் தந்தியைத் தொடத் தொடங்குகிறதோ அதுவே உங்கள் வரம்பு. பணம் கட்டும் முன் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட உருப்படியானது இல்லை. நண்பரின் கிடாரே போதும், கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

ஒரே தந்தியில் இரண்டு விரலால் மேலும் கீழும் சறுக்கி வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த நீட்சிச் சோதனை அவ்வளவு முக்கியமில்லை. 17 அங்குலமும் சிரமப்படுத்தாது. திரைப்பாடலின் விரைவான இடையிசையை மாண்டலின் விரலமைப்பிலேயே வாசிக்க நினைப்பவர் 16-ஐத் தாண்ட வேண்டாம்.

இனி கர்நாடக இசைக்கு மாற்றுவது. இரட்டைத் தந்தியை வைத்துக்கொண்டு இழுத்துக் கமகம் வாசிப்பது வீண் உழைப்பு. ஒரு ஜோடியில் விரலுக்கு அருகில் உள்ள தந்தி ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் வளையும். இரண்டும் சுருதி பிரிந்து அலை அடிக்கும். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கையில் நாம் கேட்டது ஒற்றைத் தந்தி மின் மாண்டலின் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒற்றைத் தந்திக்கு மாறினால் மாண்டோலாவுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. முன்பு சொன்ன பெருக்கல் எண் சிறிதாக இருக்க இருக்க, தந்தியைச் சற்று நீட்டினாலே சுருதி அதிகம் ஏறும். மாண்டலின் ஈ தந்தியின் எண் 232. 16 அங்குல மாண்டோலாவில் மேல் தந்தியை ஜி-க்கு இறக்கினால் 159. வர்க்கக் கணக்கில் பார்த்தால், அதே முழு ஸ்வர இழுப்புக்கு மாண்டலினில் தேவையான நீட்சி விகிதத்தில் பாதிக்கும் குறைவே இங்கே போதும். விரல் பக்கவாட்டில் நகரும் தூரமும் குறையும். காம்போதியிலும் தோடியிலும் இந்த வித்தியாசம் விரலுக்கு உடனே தெரியும்.

ஒரு கட்டைக்கு, அதாவது சி-யை ஷட்ஜமாக வைத்து, நான்கு தந்தி: சி-ஜி-சி-ஜி. ஐந்தாவதாக மேலே இன்னொரு சி சேர்க்கலாமா? 0.406 × 523 = 213. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஐந்தாவது தந்தியாக மேற்கத்திய முறைப்படி ஈ சேர்த்து சி-ஜி-டி-ஏ-ஈ என்று வைக்க ஆசைப்பட்டால் 0.406 × 659 = 268. அது நடக்காத காரியம். அந்த ஆசை உள்ளவர் 14 அங்குலத்திலேயே நின்று, தாழ்ந்த சி-க்கு 52-க்கு மேல் தடித்த தந்தி போட்டுச் சமாளிக்க வேண்டும். ஐந்து தந்தி மின் மாண்டலின்கள் மாண்டலின் அளவிலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றரைக் கட்டையில் ஐந்தாவதான மேல் தந்தியின் எண் 225, பரவாயில்லை. இரண்டு கட்டைக்கு 16 அங்குலத்தில் 239, 17 அங்குலத்தில் 254. எனவே இரண்டு கட்டையில் ஐந்து தந்தி வேண்டுபவருக்கு 17 ஆகாது. பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்றால் ச-ப என்று கீழிருந்து தொடங்காமல் ப-ச-ப-ச என்று திருப்பிவிடுங்கள்: டி-ஜி-டி-ஜி. வாத்தியம் அதே உயரத்தில் இருக்கும், ஷட்ஜமம் மட்டும் இரண்டாம் தந்திக்கு இடம் மாறும். எப்போதும் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கே வாசிப்பவருக்கு மாண்டோலாவே தேவைதானா என்று நான் கேட்பேன். மாண்டலினை ச-ப-ச-ப என்று ஜி-யில் சேர்த்தாலே அது நன்றாகக் கனக்கும்.

நான்கா ஐந்தா என்பதை விரல்பலகையின் அகலமும் தீர்மானிக்கும். மாண்டோலாவின் நட் பெரும்பாலும் 31 மில்லிமீட்டரையொட்டி இருக்கும். இரு ஓரத்திலும் இரண்டரை விட்டால் 26 மிஞ்சும். நான்கு தந்திக்கு இடைவெளி எட்டரைக்குச் சற்று மேல், ஐந்துக்கு ஆறரை. ஆறரையில் நீண்ட இழுப்பு இழுத்தால் விரல் பக்கத்துத் தந்தியில் போய் இடிக்கும். ஜாரு (சறுக்கல்) அதிகம், இழுப்பு குறைவு என்றால் ஐந்து சரி. வீணைப் பாணியில் இழுப்பவர் நான்கோடு நிற்கட்டும்.

தந்தி வாங்குவதைப் பற்றி ஒரு நல்ல செய்தி. மாண்டோலா செட் இங்கே எல்லாக் கடையிலும் இருக்காது. ஆனால் கிடார் செட் இல்லாத இசைக்கருவிக் கடை இல்லை. 12-53 என்ற அக்கூஸ்டிக் லைட் செட்டில் 12, 16, 24, 32, 42, 53 என்று ஆறு தந்தி. இதில் 42-ஐ ஒதுக்கிவிட்டால், 16 அங்குல வாத்தியத்தில் மேல் சி 12, ஜி 16, நடு சி 24, தாழ் ஜி 32, தாழ் சி 53. ஐந்தும் 10 முதல் 12 கிலோவுக்குள் விழுகின்றன, மொத்தம் ஏறத்தாழ 52 கிலோ. செய்து வைத்தாற்போல் பொருந்துகிறது. மேல் தந்தி கையை உறுத்தினால், அல்லது ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றினால், 12-க்குப் பதில் 11 போடுங்கள்.

எட்டுத் தந்தியோடு சி-ஜி-டி-ஏ வைத்துக்கொள்பவருக்கு 11-52 செட் இரண்டு வாங்கினால் போதும்: 15, 22, 32, 52. டி தந்தி 22 சற்று இளகலாக இருக்கும், மற்றவை சரி. மிஞ்சும் 11 இரண்டும் மாண்டலின் ஈ-க்கு உதவும்.

கிடார் தந்தியின் நுனியில் உருண்டை இருக்கும். மாண்டோலாவின் டெயில்பீஸுக்கு, அதாவது வால்பக்கம் தந்தியை மாட்டும் தகட்டுக்கு, வளையம் வேண்டும். உருண்டை உண்மையில் ஒரு சிறு பித்தளைக் குழல். அதன் நடுப் பள்ளத்தைச் சுற்றித்தான் தந்தி வளையமாக முறுக்கப்பட்டிருக்கும். கட்டிங் பிளையரின் வாயில் குழலின் ஒரு ஓரத்தை மட்டும், தந்தி படாதபடி, வைத்து மெதுவாக அழுத்துங்கள். பித்தளை நசுங்கி ஓரம் விண்டுபோகும். மறு ஓரத்தையும் அப்படியே செய்தால் துண்டு கழன்று வந்து, வளையம் கையில் நிற்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். அவசரப்பட்டுக் குழலின் நடுவில் வைத்து நசுக்கினால் தந்தியில் வடு விழும். சுருதி ஏற்றும்போது சரியாக அந்த இடத்தில்தான் அறும். பொருத்தியதும், வளையத்தை ஒட்டிய முறுக்குப் பகுதி பிரிட்ஜ் மேல் ஏறாமல் டெயில்பீஸ் பக்கமே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்தி மாறினால் நட்டும் பிரிட்ஜும் மாற வேண்டும். எட்டுத் தந்திப் பள்ளம் வெட்டிய நட்டில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு போடலாம். இடைவெளி கோணலாக இருக்கும், சோதனைக்குப் போதும். நிரந்தரமாக என்றால் எலும்பு நட் புதிதாக வெட்டுங்கள். ஒவ்வொரு பள்ளமும் தந்தியைவிட மயிரிழை அகலமாக, சாவிப் பக்கம் சரிந்து இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் சாவியைத் திருப்பும்போது தந்தி கவ்விக்கொண்டு, திடீரென்று 'டிங்' என்று தாண்டும். சுருதி நிற்காததற்குச் சாவியைப் பழி சொல்வோம், குற்றம் நட்டில் இருக்கும். ஆழம் சரியா என்று பார்க்க 2-க்கும் 3-க்கும் நடுவில் அழுத்துங்கள்: முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடம் போதும்.

பிரிட்ஜின் மேல் விளிம்பில் படிப்படியாக வெட்டியிருப்பது அழகுக்கு அல்ல. மாண்டோலாவில் ஏ மட்டும் வெறும் கம்பி, மற்றவை சுற்றிய தந்தி என்று கருதி வெட்டியது அது. ஐந்து தந்தி அமைப்பில் 12, 16 இரண்டும் வெறும் கம்பி; 16 தன் படியில் சற்றுப் பின்னே தள்ளி இருக்க வேண்டும், 24 முன்னே. பழைய பிரிட்ஜை வைத்துக்கொண்டால் இரண்டாம் தந்தி மேல் ஃப்ரெட்டுகளில் உயர்ந்தே ஒலிக்கும். கருங்காலிப் பிரிட்ஜ் ஒன்றை வெறுமையாக வாங்கி, ட்யூனர் வைத்து, ஒவ்வொரு தந்தியிலும் 12-ஆம் ஃப்ரெட் ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாகும் வரை அரமிட்டு வெட்ட வேண்டும்.

85 கிலோவிலிருந்து 52-க்கு இறங்கினால் கழுத்து பின்னோக்கி வளையும்; முதல் சில ஃப்ரெட்டுகளில் ஜிர்ரென்று இரையும். ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி) கால் சுற்று தளர்த்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நடுக் கழுத்தில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் குழிவு இருந்தால் போதும். ட்ரஸ் ராட் இல்லாத பழைய வாத்தியத்தில் இந்த வசதி கிடையாது, ஆகவே அதை ஒற்றைத் தந்திக்கு மாற்றும் எண்ணத்தோடு வாங்காதீர்கள்.

ஃப்ரெட் கம்பி அடுத்தது. மாண்டலின் வகைக் கம்பி மெல்லியது, உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கமகத்துக்கு 1.2, 1.3 உயரம் உள்ள கிடார் கம்பி விரலுக்குப் பிடி கொடுக்கும். மாண்டோலாவில் ஃப்ரெட் இடைவெளி அகலமாக இருப்பதால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலமான கம்பியும் இடைஞ்சல் செய்யாது. ஆனால் உயரமான ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு எல்லா ஸ்வரமும் ஏறி ஒலிக்கும். கை இலகுவாகும் வரை வாரக்கணக்கில் எரிச்சலாக இருக்கும்.

மேடை ஒலிக்கு: பிரிட்ஜ் அருகே ஒட்டும் பீசோ பிக்கப் (அதிர்வை மின் ஒலியாக்கும் சில்லு) எளிய வழி. அதை நேரே மிக்ஸரில் செருகினால் தகரம் போல ஒலிக்கும், பிக்கப்பின் குற்றமல்ல. பீசோவுக்கு ஒரு மெகாஓம் உள்ளீடு வேண்டும், மிக்ஸரின் லைன் உள்ளீடு சில பத்தாயிரம் ஓம்தான். தாழ்ந்த ஒலிகள் அங்கேயே தொலைந்துவிடும். நடுவில் ஒரு ப்ரீ-ஆம்ப் வையுங்கள். தவில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதென்றால் கூடு உள்ள வாத்தியத்தையே மறந்துவிட்டு திடப்பலகை மின் மாண்டோலா செய்துகொள்வது நல்லது.

அதை உள்ளூரில் மின் கிடார் செய்பவரிடமே செய்யலாம், கடினமான வேலையல்ல. சொல்ல வேண்டியது: ஸ்கேல் 406.4 மில்லிமீட்டர், ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிஞ்சிய நீளத்தை 17.817-ஆல் வகுத்த தூரத்தில். முதல் ஃப்ரெட் 22.8-இலும் 12-ஆம் ஃப்ரெட் சரியாக 203.2-இலும் விழுகின்றனவா என்று, கம்பி அடிக்கும் முன்பே அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். மாண்டலின் அச்சில் ஃப்ரெட் வெட்டிவிட்டு பிரிட்ஜை மட்டும் பின்னே தள்ளினால் மாண்டோலா ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது, ஒரு ஸ்வரம்கூடச் சேராது.

புதிதாக வாங்குவதென்றால் பெய்ஜிங்கில் செதுக்கப்படும் ஈஸ்ட்மேன் எம்டிஏ வரிசை, ருமேனியாவின் ரெகின் நகரத்து ஹோரா ஆகியவை இணையத்தில் எளிதாகக் கண்ணில் படும். ஹோராவில் டெனர், ஆக்டேவ் இரண்டும் உண்டு, கவனம். நீள்வட்டத் துளை உள்ளது கனிந்து ஒலிக்கும், பஜனைக்கு அதுவே என் தேர்வு. எஃப் வடிவத் துளை கூட்டிசையில் எடுப்பாகக் கேட்கும்.

பழையதை வாங்கினால் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். வால்பக்கத்திலிருந்து மேற்பலகையைக் கண் மட்டத்தில் எடுத்தது ஒன்று: பிரிட்ஜின் கீழே பள்ளம் தெரிகிறதா. கழுத்து உடலோடு சேரும் இடம் ஒன்று: மெழுகு நூல் போல விரிசல் ஓடுகிறதா. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை அளவுகோலோடு எடுத்தது ஒன்று. 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் சக்கரங்களும் அடியிலேயே உட்கார்ந்திருந்தால் இனி இறக்க இடமில்லை. கழுத்தைக் கழற்றி ஒட்டும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கக் கணக்கை விலையோடு மட்டும் போடாதீர்கள். பொருள், கூரியர், காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி. 500 ரிங்கிட்டுக்குள் அடங்கும் இணையக் கொள்முதலுக்கும், தந்தி செட் உட்பட, 2024 ஜனவரி முதல் விற்பனை வரி உண்டு. ரோஸ்வுட் பற்றிப் பயம் வேண்டாம்: செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு தேவையில்லை. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. பழைய இத்தாலிய வாத்தியங்களில் ஆமை ஓடும் யானைத் தந்தமும் பதித்திருப்பார்கள். அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. இந்த வாத்தியங்கள் 45, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் செய்யப்படுகின்றன. இங்கே ஜன்னலைத் திறந்தால் 80. செதுக்கிய மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் மேலேறும், தந்தி உயரும். புதிதாக வந்த வாத்தியம் ஒரே மாதத்தில் கல்லாகிவிட்டது என்ற புகாரில் பாதிக்கு மேல் இதுதான். குளிர்பதன அறை கண்டம் தாண்டி வந்த வாத்தியத்துக்கு நல்லது, ஆனால் இரவு மட்டும் ஓடும் குளிர்பதனம் நாளுக்கு ஒருமுறை உப்பி வற்ற வைக்கும். கேமரா வைக்கும் டிரை கேபினெட்டின் பெரிய அளவில் மாண்டோலா படுக்கும், 50-இல் வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் போடும் ஈரப்பதப் பொட்டலம் இங்கே ஈரத்தை உறிஞ்சி விரைவில் கொழுத்துவிடும், பெட்டியின் ரப்பர் விளிம்பு இறுக்கமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பினாங்கில் கடற்கரையை ஒட்டிய வீடென்றால் வெறும் கம்பிகள் முதலில் துருப்பிடிக்கும்; 12-ம் 16-ம் தனியாக நான்கைந்து வாங்கி வைப்பது பூச்சுத் தந்தி தேடுவதைவிட மலிவு. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள்; அந்தச் சூட்டில் பசை இளகும், தந்தி இழுவை மிச்ச வேலையைச் செய்துவிடும்.

கூரியரில் வந்த பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் அறையில் விடுங்கள். திறந்ததும் தந்தி தளர்ந்து பிரிட்ஜ் சாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அனுப்பும்போது அப்படித்தான் தளர்த்துவார்கள். பிரிட்ஜை அளந்து நிறுத்தி, மெதுவாகச் சுருதி ஏற்றி, இரண்டு வாரம் அந்த அறைக் காற்றுக்குப் பழக விட்டுவிட்டு, அதன்பிறகுதான் நட்டையோ ட்ரஸ் ராடையோ தொட வேண்டும்.